மாதம் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு: ஜோகூர் பாலத்தின் இரு பக்கமும் கார் விற்கும் கதை

ஜோகூர் பாருவில் ஒரு கார் கடைக்குள் நுழைகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் காரைப் பற்றியதாக இருக்காது. "மாதம் எவ்வளவு கட்டணும்?" என்பதுதான் அது. விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டி, 9 ஆண்டுக்கு ஒரு தொகையைச் சொல்வார். சம்பளத்தில் அது இடிக்கவில்லை என்றால் பேச்சு அடுத்து காரின் நிறத்துக்குப் போய்விடும். மொத்தமாக எவ்வளவு கட்டப் போகிறோம் என்பதைக் கேட்பவர்கள் குறைவு.

பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போனால் அதே கார் வேறு கணக்கில் விற்கப்படுகிறது. அங்கே பழைய கார் விளம்பரம் எதை எடுத்தாலும் விலைக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும்: ஆண்டுத் தேய்மானம். காரின் பதிவை நீக்கும்போது அரசாங்கம் திருப்பித் தரும் தொகையை விலையிலிருந்து கழித்து, மீதியை எஞ்சிய ஆண்டுகளால் வகுத்தால் வருவது அந்த எண். இந்தக் காரை ஓட்ட ஆண்டுக்கு எவ்வளவு கரையும் என்று தெரிந்துகொண்டுதான் சிங்கப்பூர்க்காரர் கையெழுத்துப் போடுகிறார்.

ஒரு கிலோமீட்டர் பாலம்தான் இடையில். ஆனால் ஒரு பக்கம் கார் விற்பனை இன்னும் வளர்கிறது. மறு பக்கம் கார்களின் எண்ணிக்கை வளரவே கூடாது என்று விதி சொல்கிறது. வளரும் பொருளாதாரத்தில் கார் சந்தை எப்படி நடக்கிறது, முதிர்ந்த பொருளாதாரத்தில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகத் தேவையில்லை.

மலேசியாவில் 2024ஆம் ஆண்டில் 8 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய வாகனங்கள் விற்றன. நாட்டின் வரலாற்றிலேயே அதுவரை காணாத எண்ணிக்கை அது. அதில் 3 லட்சத்து 58 ஆயிரம் பெரோடுவா மட்டும். அதே ஆண்டு சிங்கப்பூரில் பதிவான புதிய கார்கள் சுமார் 43,000. மலேசிய மக்கள் தொகை 3 கோடியே 40 லட்சம், சிங்கப்பூரில் 60 லட்சம். ஆயிரம் பேருக்கு என்று கணக்கிட்டால், சம்பளம் குறைந்த நாட்டில்தான் மூன்று மடங்குக்கும் மேல் புதிய வாகனம் விற்கிறது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிங்கப்பூரில் 1990 முதல் கார் வாங்க முதலில் சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அது 10 ஆண்டுக்குத்தான் செல்லும். 2018 பிப்ரவரி முதல் கார் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். அதாவது ஒரு கார் சாலையை விட்டுப் போனால்தான் இன்னொரு கார் வரும். 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளில் படிப்படியாகக் கூடுதலாக 20,000 சான்றிதழ்கள் வரை விடப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. அதன் பிறகும் விலை இறங்கிவிடவில்லை. 2023 அக்டோபரில் பெரிய காருக்கான சான்றிதழ் 1,50,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. சிறிய காருக்கு 1,06,000 வெள்ளி. 2025ல் சிறிய காரின் சான்றிதழ் அந்த உச்சத்தையும் தாண்டியது. இவ்வளவும் வெறும் உரிமைக்கு மட்டும்; காரின் விலையும் வரியும் தனி.

மலேசியாவில் இதற்கு நேர்மாறு. இங்கே காரை வாங்க வைப்பதே ஒரு காலத்தில் தேசியத் திட்டமாக இருந்தது. 1983ல் புரோட்டோன் நிறுவப்பட்டது, 1985ல் முதல் சாகா வந்தது. 1993ல் பெரோடுவா, அடுத்த ஆண்டு கஞ்சில். வெளிநாட்டுக் கார்களுக்குச் சுங்க வரியும் கலால் வரியும் போட்டு, உள்நாட்டுக் கார் மட்டும் சாமானியனின் கைக்கு எட்டும்படி செய்யப்பட்டது. கலால் வரி இன்றும் 60 விழுக்காட்டிலிருந்து 105 விழுக்காடு வரை இருக்கிறது. தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துக்குக் குடியேறிய பல தமிழ்க் குடும்பங்களின் முதல் கார் கஞ்சிலாகவோ இஸ்வாராவாகவோ இருந்தது தற்செயல் அல்ல.

அந்தக் கார்களை விற்றவர்கள் யார் என்பதில்தான் சுவையான விஷயம் இருக்கிறது. புரோட்டோனை விற்க உருவான இஓஎன் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ஒரு சிறிய வங்கியையும் வாங்கியது. அதுதான் பிறகு இஓஎன் வங்கி என்று பெயர் பெற்று, 2011ல் ஹொங் லியோங் வங்கியுடன் இணைந்தது. கார் விற்கும் நிறுவனமே கடன் கொடுக்கும் வங்கியையும் வைத்திருந்தது. வளரும் நாட்டில் கார் விற்பனை என்பது பெருமளவுக்குக் கடன் விற்பனை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை.

தாய்லாந்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே 2023ல் 7 லட்சத்து 75 ஆயிரம் வாகனங்கள் விற்றன. அடுத்த ஆண்டு 5 லட்சத்து 72 ஆயிரமாகச் சரிந்தது. கார்கள் திடீரென்று மோசமாகிவிடவில்லை. குடும்பக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 90 விழுக்காட்டுக்குப் போனதும் வங்கிகள் கையை இறுக்கின. அவ்வளவுதான், பிக்கப் வண்டிகள் கடையிலேயே நின்றுவிட்டன. மலேசியா இரண்டாம் இடத்துக்கு ஏறியது நம் சந்தை நன்றாக இருப்பதால் மட்டுமல்ல, தாய்லாந்துச் சந்தை விழுந்ததாலும்தான். மலேசியாவின் குடும்பக் கடனும் உற்பத்தியில் 84 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது என்பதை விற்பனைச் சாதனை பற்றிய செய்திகளின் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

கடைக்காரருக்கு எங்கே லாபம்?

புதிய காரை விற்பதில் பெரிய லாபம் கிடைக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களின் நினைப்பு. முதிர்ந்த சந்தைகளில் அது பெரிதும் பொய். அமெரிக்காவில் முகவர்களின் கடைகளைத் தாங்கி நிற்பது பழுதுபார்ப்புப் பட்டறையும், உதிரிப் பாகமும், கடன் மற்றும் காப்புறுதி மேசையும். புதிய கார் என்பது வாடிக்கையாளரை உள்ளே இழுக்கும் கொக்கி. ஜப்பானில் தனியார் காருக்கு முதல் 3 ஆண்டிலும் அதன்பின் 2 ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. செலவு கூடுகிறது என்று பலர் நல்ல நிலையில் இருக்கும் காரையே கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள். அப்படிக் கைவிடப்படும் கார்கள் ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, இங்கே 'ரீகோன்' காராக விற்கின்றன. ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதி இருப்பவர்தான் கொண்டுவர முடியும். கார் 5 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. கோயில் திருவிழாவுக்கு வந்து நிற்கும் வெல்ஃபயர்களிலும் அல்ஃபார்டுகளிலும் பாதிக்கு மேல் ஜப்பானில் யாரோ ஓட்டியவை என்றால் அது மிகையாக இருக்காது.

மலேசியாவிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2017ல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனில் 49.9 விழுக்காட்டை வாங்கிய பிறகு, விற்பனை மட்டும் செய்யும் சிறிய முகவர்களுக்குக் கெடுபிடி வந்தது. விற்பனை, பழுதுபார்ப்பு, உதிரிப் பாகம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் தகரம் தட்டிச் சாயம் பூசும் வேலையும் இருக்க வேண்டும். கடைவீதியில் ஒரு கதவு கடையை வைத்துக்கொண்டு, இரண்டு காரை வாசலில் நிறுத்தி விற்ற காலம் முடிந்தது. நிலமும் முதலும் உள்ளவர்கள் நிலைத்தார்கள். சிறு முதலாளிகள் பலர் பழைய கார் வியாபாரத்துக்கு நகர்ந்தார்கள், அல்லது கமிஷனுக்கு விற்கும் விற்பனை ஆலோசகர்களாக மாறினார்கள்.

சிங்கப்பூரில் கடைக்காரரின் தொழில் ஏறக்குறைய ஏலத் தரகர் தொழில். மாதத்துக்கு இரண்டு முறை ஏலம். வாடிக்கையாளருக்காகக் கடைக்காரரே ஏலம் கேட்கிறார். சான்றிதழ் உறுதி என்று சொல்லி ஒரே விலைக்குக் காரை விற்றுவிட்டு, ஏல விலை எதிர்பார்த்ததைவிட ஏறினால் அந்த நட்டத்தைச் சுமப்பவரும் அவரே. இறங்கினால் லாபமும் அவருக்கு. அதனால் அங்கே கையில் காசு குறைவான கடைக்காரர் ஆபத்தானவர். முன்பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் எடுக்க முடியாமல் கதவைச் சாத்திய கடைகள் அங்கு அவ்வப்போது செய்தியாவது இதனால்தான். விலை எவ்வளவு ஆடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: உலக நிதி நெருக்கடியின்போது, 2008 நவம்பரில், சிறிய காருக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்குப் போனது. எழுத்துப் பிழை அல்ல, இரண்டே வெள்ளி.

இந்த இரண்டு உலகமும் ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் மெர்சிடிஸ் விற்றுப் பேர் பெற்ற சைக்கிள் அண்ட் கேரேஜ், 1899ல் கோலாலம்பூரில் தொடங்கிய கடை.

கடனுக்கு வரம்பு யார் வைப்பது?

சிங்கப்பூரில் காருக்குக் கடன் கேட்டால், சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்குள் உள்ள காருக்கு விலையில் 70 விழுக்காடு வரைதான் கிடைக்கும். அதற்கு மேல் போனால் 60 விழுக்காடு. 7 ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். 2013ல் நாணய வாரியம் இதைவிடக் கடுமையாகப் போட்டு, 2016ல் சற்றுத் தளர்த்தியது. ஒரு காரின் விலை 1,60,000 வெள்ளி என்றால் கையிலிருந்து 48,000 வெள்ளி வைத்தாக வேண்டும். இல்லாதவர் பேருந்திலும் எம்ஆர்டியிலும் போக வேண்டியதுதான். அவருக்கு அந்த வசதி வீட்டு வாசலில் இருக்கிறது.

மலேசியாவில் 10 விழுக்காடு முன்பணம், 9 ஆண்டுத் தவணை. அந்த 10 விழுக்காட்டையும் கண்ணில் காட்டாமல் 'ஃபுல் லோன்' என்று பதாகை தொங்கவிடும் கடைகள் உண்டு. விலையை ஏற்றி எழுதிக் கழிவு கொடுத்ததாகக் காட்டும் தந்திரம் எல்லோருக்கும் தெரியும். முன்பணம் இல்லாமல் காரோடு வீட்டுக்கு வருவது அதிர்ஷ்டம் போலத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு கதை.

ஒருவர் 45,000 ரிங்கிட் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி, 9 ஆண்டு. வட்டி மட்டும் 14,175 ரிங்கிட். மாதத் தவணை 548 ரிங்கிட்டை ஒட்டி வரும். 3.5 விழுக்காடு என்பது குறைவாகத் தெரிந்தாலும், முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவதால் உண்மையான வட்டி 6.3 விழுக்காட்டுக்கு வந்துவிடும். 4 ஆண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறார். கட்டிய தொகை 26,300 ரிங்கிட். இப்போது காரை விற்றுக் கடனை முடிக்கலாம் என்று வங்கிக்குப் போனால், மீதி எவ்வளவு சொல்வார்கள்? ஏறக்குறைய 28,500 ரிங்கிட். முதல் ஆண்டுகளில் வட்டியை முந்திக்கொண்டு எடுக்கும் பழைய கணக்கு முறையில் இப்படித்தான் வரும். 2025ல் நாடாளுமன்றத்துக்கு வந்த வாடகைக் கொள்முதல் சட்டத் திருத்தம் இந்த முறையைக் கைவிட்டு, குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போடும் வழியைக் கொண்டுவருகிறது. தாமதம்தான், ஆனாலும் வரவேற்க வேண்டியது. ஏற்கெனவே பழைய முறையில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

சம்பளத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் 548 ரிங்கிட் தவணை போனால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. எண்ணெய், சாலை வரி, காப்புறுதி, டயர் எல்லாம் அதற்கு மேல். பெட்ரோலுக்கு 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டத்தில் லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென் என்று குறைந்ததை உதவி என்று ஏற்றுக்கொள்ளலாம். அதுவும் திட்டம் தொடங்கியபோது மாதம் 300 லிட்டர் வரைதான்.

வாங்காமல் இருந்துவிட முடியுமா? கோலாலம்பூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் அப்படிக் கேட்கலாம். கூலிமுக்கோ தெலுக் இந்தானுக்கோ வெளியே, பிரதான சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தோட்டத்து வீட்டில் அந்தக் கேள்விக்கு அர்த்தமில்லை. இரவு வேலைக்குத் தொழிற்சாலை வேன் வந்தால் உண்டு. பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக அண்டை வீட்டுக் காரைத்தான் கேட்க வேண்டும். நாட்டில் பதிவான வாகனங்கள் மக்கள் தொகையைவிட அதிகம் என்று சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிளையும் சேர்த்த கணக்கு அது. தாமான் வீட்டு வாசலில் நிற்கும் மூன்றாவது காரும் அதில் சேர்ந்ததுதான். தோட்டத்தில் இன்னும் முதல் கார் வராத வீடுகள் இருக்கின்றன. ஒரே நாட்டுக்குள் முதிர்ந்த சந்தையும் வளரும் சந்தையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் சரியான விவரிப்பு. 2023ல் பெரோடுவா வானொலிகூட இல்லாத, கையால் கியர் மாற்றும் அக்சியா ஒன்றை 22,000 ரிங்கிட்டுக்குக் கொண்டுவந்ததும் இந்த முதல் கார்க்காரர்களை நினைத்துத்தான்.

'சம்போங் பாயார்' என்னும் புதைகுழி

வங்கி மறுத்தால் என்ன செய்வது? பிடிபிடிஎன் கல்விக் கடன் பாக்கி, கட்டாமல் விட்ட கடன் அட்டை, சம்பளச் சீட்டு இல்லாத வேலை என்று மறுப்புக்குக் காரணங்கள் பல. அப்போதுதான் முகநூலில் அந்த விளம்பரம் கண்ணில் படுகிறது: மாதம் இவ்வளவு, முன்பணம் சிறிது, பெயர் மாற்ற வேண்டாம், தொடர்ந்து கட்டினால் போதும்.

இதில் விற்பவர் பெரும்பாலும் வேண்டுமென்றே ஏமாற்றுபவர் அல்ல. மேலே போட்ட கணக்கில் சிக்கியவர்தான். 28,500 ரிங்கிட் கடன் பாக்கி, சந்தையில் காருக்கு அதைவிடக் குறைந்த விலை. விற்றாலும் கையிலிருந்து போட வேண்டும். வேலை போனவருக்கோ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்கோ, யாராவது தவணையை ஏற்றுக்கொண்டால் போதும் என்று ஆகிவிடுகிறது.

சட்டப்படி கார் வங்கிக்குச் சொந்தம். வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் குற்றம். கொடுத்தவருக்கு வரும் தொல்லைகள் நீண்ட பட்டியல். புதியவர் இரண்டு மாதம் கட்டாவிட்டால் கறுப்புப் புள்ளி விழுவது பழையவரின் பெயரில். வேகக் கட்டுப்பாட்டு சம்மன் வருவதும் அவருக்கே. அந்தக் கார் ஒரு கொள்ளையில் சிக்கினால் போலீஸ் முதலில் தட்டுவதும் அவர் வீட்டுக் கதவை. வாங்கியவர் பாடும் நிம்மதியில்லை. தவறாமல் கட்டினாலும் கார் அவர் பெயருக்கு வராது. விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கையில் சிக்கல். இடையில் ஒரு தரகர் இருந்து, மாதத் தவணையை அவரிடம் கொடுத்து வந்திருந்தால், அது வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே கார் இழுப்பவர்கள் வந்த பிறகுதான் தெரியும்.

இதற்கு நேரான வழி ஒன்று சட்டத்திலேயே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வங்கியின் ஒப்புதலுடன் ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். புதியவருக்குக் கட்டும் தகுதி இருந்தால், நியாயமான காரணமின்றி வங்கி மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தகுதி இல்லை என்றால் அவரிடம் காரைக் கொடுக்காமல் இருப்பதே கொடுப்பவருக்கும் நல்லது.

கார் இழுப்பு விஷயத்திலும் உரிமைகள் உண்டு. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வங்கி நடவடிக்கைக்கு வர முடியும். அப்போதும் முதலில் எழுத்துப்பூர்வ அறிவிப்பு, 21 நாள் அவகாசம். காரின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இழுக்க முடியாது. இழுத்த பிறகும் 21 நாளுக்குள் பாக்கியைக் கட்டி மீட்க வாய்ப்புண்டு. ஆனால் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வங்கி அதை ஏலத்தில் விற்று, கிடைத்தது போக மீதியைக் கேட்டுக் கடிதம் அனுப்பும். சில ஆண்டு கழித்து, கார் எங்கே போனது என்பதே மறந்துபோன நேரத்தில், அந்தக் கடிதம் வரும்.

மகனுக்காகக் கையெழுத்துப் போட்ட தந்தைமார்களுக்கு ஒரு தகவல். சொந்தப் பயன்பாட்டுக்கான கார்க் கடனுக்கு, எந்த லாபமும் இல்லாமல் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவரை 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு திவாலாக்க முடியாது. சமூக உத்தரவாதி என்று சட்டம் அவரைப் பிரித்து வைத்திருக்கிறது. கடனை வசூலிக்க வழக்குப் போடுவதை அது தடுக்காது. கடன் வாங்கியவரைத் திவாலாக்குவதற்கான வரம்பும் 50,000 ரிங்கிட்டிலிருந்து 1 லட்சம் ரிங்கிட்டுக்கு உயர்ந்திருக்கிறது.

சிங்கப்பூரில் இவ்வகைத் தொல்லை இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. வங்கி வரம்பைத் தாண்டிக் கடை தானே கடன் கொடுக்கும் வழிகள் அங்கும் முளைத்தன. ஆனால் அங்கே கார் ஆடம்பரம். தவறினால் போவது வசதி. இங்கே கார் போனால் பல வீடுகளில் வேலையும் சேர்ந்து போகிறது.

கடை மூடினால் கார் என்னாகும்?

வளரும் சந்தையில் இன்னோர் ஆபத்து, நிறுவனமே மூட்டை கட்டிவிடுவது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021ல் அறிவித்தது. கடன் வாங்கிக் கண்ணாடி மாளிகை போலக் கடை கட்டிய முகவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அமெரிக்காவில் மாநிலச் சட்டங்கள் முகவர்களுக்கு அரணாக இருக்கின்றன. உற்பத்தியாளர் நினைத்தபோது உதறிவிட முடியாது. இந்தியாவில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. முதிர்ந்த நாடு என்றால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மெர்சிடிஸ் நிறுவனம் முகவர்களை வெறும் கமிஷன் ஆட்களாக மாற்றியதை எதிர்த்து முகவர்கள் தொடுத்த வழக்கு 2023ல் தோற்றது.

மலேசியாவில் கியாவும் பெஜோவும் 2021ல் நாசா குழுமத்திடமிருந்து வேறு கைக்குப் போயின. புதிய விநியோகிப்பாளர் வரும்வரை பழைய காருக்குப் பாகம் எங்கே கிடைக்கும் என்று வைத்திருந்தவர்கள் அலைந்தது பலருக்கு நினைவிருக்கும். இன்று சீனக் கார்கள் வரிசையாக வந்து இறங்குகின்றன. நேற்று வேறு பெயர்ப் பலகை தொங்கிய கடையில் இன்று செரியோ ஜேக்கூவோ தொங்குகிறது. கார் நன்றாகத்தான் இருக்கிறது, விலையும் குறைவு. பத்து ஆண்டு கழித்து அந்தக் கடை அங்கே இருக்குமா என்பதுதான் தெரியாதது.

சிங்கப்பூரில் இந்தக் கவலை குறைவு. 10 ஆண்டில் பெரும்பாலான கார்களின் கதை முடிந்துவிடும். மின்சாரக் கார் அங்கே வேகமாகப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். 2024ல் அங்கே பதிவான புதிய கார்களில் மூன்றில் ஒன்று மின்சாரக் கார். பல ஆண்டுகளாக முன்னணியில் இருந்த டொயோட்டாவை முந்தி, 6,191 கார்களுடன் பிஒய்டி முதலிடத்துக்கு வந்தது. பழைய மின்சாரக் காரை 15 ஆண்டு வைத்திருப்பது எப்படி என்று அங்கே யாரும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மலேசியாவில் நிலைமை வேறு. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரைதான் இருந்தது. இங்கே பொருத்தப்படுபவைக்கு 2027 முடிவு வரை. அந்த வரி விலக்குக் காலத்தில் இறக்குமதிக் காருக்கு 1 லட்சம் ரிங்கிட் குறைந்தபட்ச விலை வைக்கப்பட்டிருந்ததால், தோட்டத்துக்காரருக்கும் மின்சாரக் காருக்கும் இடையே பெரிய மதில் இருந்தது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இமாஸ் 7ஐக் கொண்டுவந்தது. பெரோடுவாவும் களத்தில் இறங்கிவிட்டது. விலை இறங்க இறங்க, இந்தக் கார்களும் அதே கால்குலேட்டருக்கு வந்து சேரும்: மாதம் எவ்வளவு, 9 ஆண்டு.

மின்சாரக் காரின் மின்கலத்துக்குப் பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு, அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஜோகூரிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ தினமும் 80 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறவர் அந்தக் கிலோமீட்டரை ஆறாம் ஆண்டிலேயே நெருங்கிவிடுவார். தவணை இன்னும் மூன்று ஆண்டு பாக்கி இருக்கும். அந்த வயதில் அந்தக் காரை எந்த விலைக்கு எடுப்பது என்று பழைய கார்க் கடைக்காரரிடம் இன்று கேட்டால், கேட்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறார்.